காரைக்குடியில் ஒரு திங்கட்கிழமை: அம்மாவோடு கடைத்தெரு சுற்ற வழி சொல்லுங்கள்

பேரூர்க்காரன்:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்குப் பக்கத்தில் கானாடுகாத்தானில் நண்பனுக்குக் கல்யாணம். அம்மாவையும் அழைத்துக்கொண்டு கோவையிலிருந்து வருகிறேன். மறுநாள் முழுக்க காரைக்குடியில் இருப்போம், இரவுதான் பஸ். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை ஞாயிறே பார்த்துவிடுவோம். திங்கட்கிழமை எனக்குக் கடைத்தெருவும் சாப்பாடும்தான் வேண்டும். வீடியோக்களில் பார்த்தால் அதே நாலு ஹோட்டல், அதே கோழி. அம்மாவுக்கு 61 வயது, சைவம், மூட்டு வலியால் அதிகம் நடக்க முடியாது. முப்பது வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு ஆச்சி வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒன்று சுட்டு, காரச் சட்னியோடு கொடுப்பார்களாம். அது இன்னும் கிடைக்குமா? அம்மாவுக்கு ஒரு கண்டாங்கிச் சேலையும் பழைய பித்தளைப் பாத்திரம் ஏதாவது ஒன்றும் வாங்க வேண்டும்.

செக்காலை மருமகள்:

தம்பி, அம்மா சாப்பிட்டது வெள்ளைப் பணியாரம். தாராளமாகக் கிடைக்கும். ஆனால் காலையில் தேடி அலையாதீர்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் வரமிளகாய்ச் சட்னியோடு சாப்பிட வேண்டும். ஆறினால் அதன் அருமை போய்விடும். பொட்டலம் கட்டி பஸ்ஸில் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

நான் கும்பகோணத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 34 வருடம் ஆகிறது. வந்த புதிதில் இந்த ஊர்ச் சமையல் என்றால் காரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மாமியார் முதல் வாரம் வைத்தது வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு வைப்பது. அன்றோடு என் நினைப்பு மாறியது. மதியம் எந்த மெஸ்ஸுக்குப் போனாலும், "மண்டி இருக்கா?" என்று கேளுங்கள். எல்லா நாளும் இருக்காது. காலை டிபனுக்குக் கத்தரிக்காயை மசித்துச் செய்யும் கோசமல்லி கிடைத்தால் இட்லியோடு அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள். கவுனி அரிசி கிடைத்தால் விடாதீர்கள். பர்மாவுக்கு வட்டித் தொழிலுக்குப் போனவர்களோடு இங்கே வந்து சேர்ந்த கறுப்பு அரிசி அது. சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தருவார்கள்.

நீங்கள் வரும் திங்கட்கிழமை சந்தை நாள். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வந்தால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. கத்தரி வத்தல், மாவத்தல் எல்லாம் பார்த்து வாங்கலாம். மசாலாவுக்குப் போடும் கல்பாசி, மராத்தி மொக்கு இரண்டையும் மளிகைக் கடையில் முழுசாக வாங்குங்கள், பொடியாக வேண்டாம். கல்பாசியை உள்ளங்கையில் கசக்கினால் மழை நனைந்த மரத்தின் வாசனை வர வேண்டும். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை மாதிரிப் பலகாரங்கள் எல்லாம் எடை போட்டுத் தருவார்கள். என்றைக்குப் போட்டது என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கண்டாங்கி கெட்டிப் பருத்தி, அகலக் கரை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் அந்தப் பெயரில் விசைத்தறிச் சேலையும் நிறைய வருகிறது. அதனால் கைத்தறிதானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை தனியாக நனைக்கச் சொல்லுங்கள்.

பழைய பாத்திரத்துக்கு முனீஸ்வரன் கோயில் தெரு. அந்தத் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் தேக்குத் தூண், நிலைக்கதவு, ஜாடி, இனாமல் அடுக்கு, கடிகாரம் எல்லாம் ஏதோ ஒரு வீட்டில் இருந்தவை. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், ஆளுக்கொரு ஊர். ஓடு மாற்றக்கூட ஒருமனதாகப் பணம் போட முடியாமல் போய், கடைசியில் பிரித்து விற்றுவிடுகிறார்கள். எங்கள் பாகப்பிரிவினையில் போன ஒரு தூக்குப் பாத்திரத்தை ஏழு வருடம் கழித்து அங்கே பார்த்தேன். மூடியில் எங்கள் வீட்டு விலாசம் வெட்டியிருந்தது. இங்கே விலாசம் என்றால் குடும்பத்தின் தலைப்பெழுத்துகள். பெண்ணுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பாத்திரத்திலும் வெட்டுவார்கள். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். நீங்கள் எதை வாங்கினாலும் அந்த எழுத்தைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள் தம்பி.

பித்தளை ராசு:

ஆச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழசு என்று சொல்வதெல்லாம் பழசு இல்லை. நான் ஒரு கடையில் குத்துவிளக்கு வாங்கி ஏமாந்தேன். புதுசுக்கு மருந்து தடவிக் கறுக்க வைத்திருந்தார்கள், ஒரு தடவை புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று ஆகிவிட்டது. புழங்கிய பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலே தெரியும். அடியும் விளிம்பும் வழவழவென்று ஒரே சீராக இல்லாமல் தேய்ந்திருக்கும், கையில் நல்ல கனமும் இருக்கும்.

பேரூர்க்காரன்:

போய் வந்தோம், எல்லோருக்கும் நன்றி. சந்தைக்கு ஆறரைக்கே போய்விட்டோம். மண்டி கிடைக்கவில்லை, கோசமல்லி கிடைத்தது. அம்மா ஒரு அரக்குச் சிவப்புக் கண்டாங்கியும், விலாசம் வெட்டிய சின்ன எண்ணெய்த் தூக்கு ஒன்றும் வாங்கினார். நாலரை மணிக்குப் பணியாரம். அம்மா எட்டு சாப்பிட்டார், எனக்கே ஆச்சரியம். ஆனால் இங்கே வந்து வீட்டில் சுட்டால் தட்டையாக, முறுக்கு மாதிரி விறைப்பாக வருகிறது. அரிசிக்கு உளுந்து கொஞ்சமாகத்தான் போட்டோம். எங்கே தப்பு?

செக்காலை மருமகள்:

எட்டு சாப்பிட்டாரா! கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அளவுதான் தப்பு தம்பி, உளுந்து ரொம்பக் குறைவு. ஒரு ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி எடுங்கள். அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாக, நிற்கும் வரைக்கும் கொட்டுங்கள். அவ்வளவுதான் அளவு. இரண்டையும் ஒன்றாக இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேருங்கள். மாவைப் புளிக்க விடாமல் உடனே சுட வேண்டும். சின்ன வாணலியில் ஒரு தடவைக்கு ஒரு கரண்டி மாவுதான். உப்பி மேலே வந்ததும் திருப்பிவிட்டு, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிடுங்கள். சட்னிக்கு வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு. பச்சையாக அரைத்து நல்லெண்ணெயில் வதக்கச் சொல்லுங்கள்.