கூத்து, கச்சேரி, பம்பை: கூட்டத்துல பார்த்து மனசு ஆறாத விஷயங்களை எழுதுங்க (தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்)

பென்னாகரத்தான்

தெருக்கூத்துல துகிலுரிதல் ராத்திரி. துச்சாதனன் திரையை விட்டு வெளிய வந்து கிறிக்கி அடிக்க, அதாவது வேகமா சுத்தி ஆட ஆரம்பிச்சாச்சு. அந்த நேரம் பார்த்து ஒரு பையன் போன்ல டார்ச்சைப் போட்டு நீட்டிக்கிட்டே களத்துக்குள்ள இறங்கிட்டான். சுத்தி வந்தவரோட புஜக்கட்டை (தோள்ல கட்டுற மர அணி) அவன் மணிக்கட்டுல பட்டு போன் தெறிச்சது. கட்டை ஒரு பக்கம் கழன்று தொங்குது. வேஷக்காரர் அதை இடது கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே மீதி விருத்தத்தைப் பாடி முடிச்சார். கூட்டம் மொத்தமும் பையனோட போனுக்குத்தான் "அடடா"ன்னுச்சு. கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவரை ஒருத்தரும் பார்க்கல. அதுதான் உறுத்துது.

கட்டை லேசான மரம்தான், ஆனா கயிறு போட்டு உடம்போட இறுக்கிக் கட்டுறது. ஒரு முடிச்சு நழுவினா பதக்கம், கிரீடம் எல்லாம் சேர்ந்து ஆடும். திரும்பக் கட்டணும்னா வேஷம் கட்டுற கொட்டகைக்குப் போகணும், பின்னாடி நின்னு இழுத்துக் கட்ட இன்னொரு ஆள் வேணும். நடுக் காட்சியில அது நடக்காது. கையை விரிச்சுச் சுத்துறவருக்கு நாலாபுறமும் 4 அடி தேவை. அதுவும் அவர் நின்ன இடத்துல சுத்துறதில்ல, களத்தையே வட்டம் போட்டுக்கிட்டுச் சுத்துவார். 20 அடிக்கு 20 அடி சுத்தமா இருந்தாத்தான் பயமில்லாம ஆட முடியும். டார்ச் வெளிச்சம் நேரா கண்ணுல அடிச்சா சில வினாடி ஒண்ணும் தெரியாது. பின்பாட்டுக்காரங்க பெஞ்சு எந்தப் பக்கம், ஜனம் எந்தப் பக்கம்னு புரியாம சுத்துறவர் எங்க போய் விழுவார்?

படம் வேணும்னா கட்டியங்காரன் (கூத்துக் கோமாளி) பேசுற இடத்துல எடுங்க. டார்ச்சை அணைச்சுட்டு, உட்கார்ந்து, போனை நெஞ்சுக்கு நேரா வச்சு எடுங்க. தலைக்கு மேல தூக்கினா பின்னாடி நாலு வரிசைக்குக் களம் மறையுது.

பாலக்கோடு மைக் செட்

டார்ச்சைக்கூட சொல்லித் திருத்தலாம்ணே. கேபிள் மேல ஏறி ஆடுறவங்களை என்ன பண்றது?

ஊர்த் திருவிழாவுல பாட்டுக் கச்சேரி. மேடைக்குப் பின்னாடி மூணு ஃபேஸ் ஜெனரேட்டர். குத்துப்பாட்டு வந்ததும் பசங்க ஓரமா போட்டிருந்த கேபிளை மிதிச்சு, கால்ல சிக்க வச்சு, இழுத்துக்கிட்டே ஆடுறாங்க. திடீர்னு ஒரு பக்கத்து சீரியல் லைட்டெல்லாம் வெள்ளையா ஏறி பட் பட்னு போச்சு. மறுபக்கம் அகல் விளக்கு மாதிரி மங்கிடுச்சு. கூட்டம் அதை ஏதோ லைட் செட்டிங்னு நினைச்சு விசில் அடிச்சது.

அது நியூட்ரல் (மூணு ஃபேஸுக்கும் பொதுவான ஒயர்) கழன்ற அடையாளம். நியூட்ரல் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு ஃபேஸ்லயும் 230 வோல்ட். அது விட்டுப்போனா ரெண்டு ஃபேஸ்ல இருக்கிற சாமானெல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா 400 வோல்ட்டுக்கு நடுவுல மாட்டிக்கும். லோடு குறைவா இருக்கிற பக்கத்துக்கு வோல்டேஜ் எகிறும், அதிகமா இருக்கிற பக்கம் படுத்துடும். அந்த எகிறின பக்கத்துல ஆம்ப்ளிஃபயரோ கீபோர்டோ இருந்தா முடிஞ்சது. அப்படி எரிஞ்ச ஆம்ப்ளிஃபயருக்குக் கமிட்டிக்காரங்க பணம் தரமாட்டாங்க.

மைக் செட் வச்சிருக்கிற தம்பிங்களுக்கு: கேபிள் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி, பக்கத்துல நட்ட கழியில ரெண்டு சுத்து சுத்திக் கட்டிடுங்க. யாராவது இழுத்தாலும் இழுப்பு கழியோட நின்னுடும், நியூட்ரல் போல்ட்டுக்குப் போகாது. ஜனம் நடக்கிற இடத்துல ஒண்ணு 12 அடிக்கு மேல தூக்கிக் கட்டணும், இல்லன்னா பள்ளம் பறிச்சு மேல பலகை போடணும். கச்சேரி ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு ஜெனரேட்டரை நிறுத்தி போல்ட்டை ஒரு தடவை இறுக்குங்க, சூட்டுல தளரும். ஆடுற தம்பிங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான்: கறுப்பு ஒயர் தரையில கிடந்தா அதை விட்டுத் தள்ளி நின்னு ஆடுங்க.

அரூர் செவிலி

அதே மாதிரி ஒரு கச்சேரியில ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னாடி, கைக்கெட்டுற தூரத்துல, ரெண்டு வயசுக்குள்ள இருக்கும் ஒரு குழந்தை. அம்மா மடியில படுத்துத் தூங்குது. ஒவ்வொரு அடிக்கும் அதோட வயிறு அதிர்றது கண்ணுக்குத் தெரியுது. "பாருங்க, எவ்வளவு சத்தத்துலயும் தூங்குறான்"னு பக்கத்துல இருந்தவங்க சிரிக்கிறாங்க. தூங்கினா காதுக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தமில்லை.

85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம்னு ஒரு கணக்கு உண்டு. அதுக்கு மேல 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 88னா 4 மணி நேரம், 94னா 1 மணி நேரம், 100னா வெறும் 15 நிமிஷம். அதுவும் வேலை செய்யற பெரியவங்களுக்குப் போட்ட கணக்கு. இசை நிகழ்ச்சிகளுக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்ன உச்ச வரம்பும் 15 நிமிஷ சராசரி 100 டெசிபல்தான். திறந்த வெளியில தூரம் இரட்டிப்பானா 6 டெசிபல் குறையும். பாக்ஸுக்கு 1 மீட்டர்ல 110 இருந்தா 4 மீட்டர்ல 98, 16 மீட்டர்ல 86. அந்த அம்மா அம்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்தா போதும்.

ஏன் தள்ளி உட்காரலன்னா இடம் இல்லை. சாயங்காலம் 6 மணிக்கே நடுவுல பாயும் துண்டும் போட்டு ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் இடம் பிடிச்சாச்சு. வேலை முடிச்சு, குழந்தைக்குச் சோறு ஊட்டிட்டு லேட்டா வர்ற பொம்பளைங்களுக்கு ஓரம்தான் கிடைக்குது. ஓரத்துலதான் பாக்ஸ் இருக்கு. துண்டு போடுறவங்க இதை யோசிக்கணும்.

நுரைப்பஞ்சு (ஃபோம்) இயர்பிளக் மருந்துக் கடையில கிடைக்கும். விரல்ல உருட்டி மெல்லிசாக்கி, மறு கையைத் தலைக்கு மேல கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியற வரைக்கும் அரை நிமிஷம் விரலால பிடிச்சிருக்கணும். மேலோட்டமா சொருகினா பிரயோஜனம் இல்லை. சின்னக் குழந்தைக்கு இது வேண்டாம், கழன்று வாய்க்குப் போயிடும். காதை மூடுற மாதிரி மஃப் போடுங்க, இல்ல வீட்டுல விட்டுட்டு வாங்க.

மொரப்பூர் வாசி

செவிலி அக்கா, காது விஷயம் சரி. துண்டு போடுறதைக் குத்தம் சொல்லாதீங்க. பாரதக் கூத்துக்கு வர்ற கெழவிங்க பதினெட்டு நாளும் அதே இடத்துல அதே பாயில உட்காருறவங்க. விடிய விடிய உட்காரணும், நடுவுல எந்திரிச்சா முட்டி வலி. அவங்களுக்குப் பாய் போட்டு வைக்கிறது மரியாதை. யாருமே வராத பத்து பாய்தான் தப்பு. எங்க பக்கம் ஒரு ஊர்ல நல்ல வழக்கம் இருக்கு: ஒரு பாய்க்கு ஒரு ஆள் உட்கார்ந்தே இருக்கணும், முகவீணை (கூத்துல ஊதுற சின்னக் குழல்) ஊத ஆரம்பிச்சதும் காலி பாயைச் சுருட்டி ஓரமா வச்சுடுவாங்க. சண்டையே கிடையாது.

பாக்ஸை ஜனத்தோட மூஞ்சிக்கு நேரா வைக்கிறது மைக் செட்காரங்க தப்பு. அதை ஏன் பாய் மேல போடுறீங்க?

பாலக்கோடு மைக் செட்

வயிறு அதிர வைக்கிற பேஸ் பாக்ஸ் தரையில இருக்கலாம். காதைக் கெடுக்கிறது மேல் சத்தம் வர்ற டாப் பாக்ஸ். அதை 8 அடிக்கு ஸ்டாண்டுல ஏத்தி, மூக்கைப் பின்வரிசை பார்த்துச் சாய்ச்சா முன்வரிசைக்குக் குறையும், பின்வரிசைக்கும் கேட்கும். ஆனா ஸ்டாண்டுல ஏத்தினா பசங்க அதுல தொங்குறாங்க. அதனால பயந்து கீழ வைக்கிறோம். பாக்ஸைச் சுத்தி 6 அடிக்குச் சவுக்குக் கட்டை நட்டுக் கொடுங்கன்னு ஒவ்வொரு கமிட்டிகிட்டயும் கேக்குறோம். பந்தலுக்குக் கட்டை இருக்கும், இதுக்கு மட்டும் இருக்காது.

ஓசூர் ஆள்

நான் பார்த்தது பெங்களூருல. பெரிய கச்சேரி, நின்னு பார்க்கிற டிக்கெட். பின்னாடி நின்ன ஒரு கும்பல் பாட்டுக்குப் பாட்டு "ஓ"ன்னு கத்திக்கிட்டே முன்னாடி தள்ளுறாங்க, விளையாட்டுக்கு. முன்வரிசையில தடுப்புக் கம்பியில சாய்ஞ்சிருந்த ஒரு பொண்ணு வாயைத் திறந்து கத்துது, சத்தமே வரல. அப்புறம்தான் புரிஞ்சது, கத்துறதுக்கு மூச்சு இழுக்கவே நெஞ்சுக்கு இடமில்லைன்னு. தள்ளினவங்களுக்கு அது கடைசி வரைக்கும் தெரியாது.

நெரிசல்ல பெரும்பாலும் சாகிறது மிதிபட்டு இல்லை. நின்ன நிலையிலேயே நெஞ்சு அமுங்கி, மூச்சு விட முடியாமத்தான். ஒரு சதுர மீட்டர்னா கிட்டத்தட்ட 11 சதுர அடி. அதுல 4 பேர் வரைக்கும் திரும்பலாம், நகரலாம். 5 பேரைத் தாண்டினா ஆபத்து ஆரம்பம். 6, 7 ஆனா தனி ஆள்னு யாரும் கிடையாது, மொத்தக் கூட்டமும் தண்ணி அலை மாதிரி அசையும், கால் தரையில பாவாது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல 2023 நவம்பர் 25ல 4 பேர் செத்தது ஒரு கச்சேரிக்கு முன்னாடிதான். மழை வந்ததும் வெளிய நின்ன கூட்டம் ஒதுங்க இடம் தேடி வாசல்ல பாய்ஞ்சது, உள்ளே இறங்குற படிக்கட்டுல முன்னாடி போனவங்க விழுந்தாங்க.

அதனால கச்சேரிக்குப் போறவங்க கேளுங்க. உள்ளே நுழையும்போதே வந்த வாசலைத் தவிர இன்னொரு வழியைப் பார்த்து வச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் முன்னாடியும் பின்னாடியும் தோள் இடிச்சு, கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியலன்னா அப்பவே கிளம்புங்க, பாட்டு முடியட்டும்னு நிக்காதீங்க. மாட்டிக்கிட்டா ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வைங்க, அந்த ஒரு சாண் இடம்தான் மூச்சுக்கு. அலையை எதிர்த்துத் தள்ளாதீங்க. அது தள்ளும்போது கூடவே போய், தளரும்போது குறுக்குச் சாய்வா ரெண்டடி ஓரம் பார்த்து நகருங்க. சுவர், கம்பி பக்கம் ஒதுங்காதீங்க. செருப்பு கழன்றாலும் போன் விழுந்தாலும் குனியாதீங்க. குழந்தையைத் தோளுக்கு ஏத்துங்க. யாராவது விழுந்தா சுத்தி இருக்கிறவங்க கையைக் கோத்து வளையம் போட்டுத் தூக்குங்க. முன்னாடி என்ன நடக்குதுன்னு பின்னாடி தெரியாது, அதனால "பின்னாடி போங்க"ன்னு சேதியை ஆள் மாத்தி ஆள் பின்னாடி அனுப்புங்க. மேடையில இருக்கிறவங்களுக்குக் கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க.

மொரப்பூர் வாசி

தம்பி, நல்ல விஷயம்தான். ஆனா கூத்துக் களத்துல இவ்வளவு நெரிசல் வராது. உட்கார்ந்த கூட்டம் அது.

ஓசூர் ஆள்

தீமிதிக்கும் படுகளத்துக்கும் (துரியோதனன் சாகிற காட்சி) உட்கார்ந்தா பார்க்குறீங்க? துரியோதனன் மண் உருவத்தைச் சுத்தி நிக்கிற கூட்டத்தை நினைச்சுப் பாருங்கண்ணே.

கீபோர்டு, கிருஷ்ணகிரி

கச்சேரியில பாட்டு கேட்டு வர்ற துண்டுச் சீட்டு தொல்லையை யாரும் எழுதல. ஒருத்தர் மேடை ஏறி, பாடிக்கிட்டிருந்த பாடகியோட கையில சீட்டைத் திணிச்சார். சரணம் நடுவுல. அந்தப் பொண்ணு சீட்டைப் படிச்சிட்டே பாடி, அடுத்த வரியைத் தவறவிட்டுச்சு. கீழே இருந்து "ஊ"ன்னு சத்தம். சீட்டு கொடுத்தவர் சந்தோஷமா இறங்கிப் போனார். சீட்டுல இருந்தது அரை மணி நேரம் முன்னாடி பாடின அதே பாட்டு.

பாட்டு வரிசை சும்மா எழுதறதில்லை. உச்ச ஸ்தாயியில போற பாட்டுக்கு அப்புறம் அதே குரலுக்கு ஒரு டூயட் வச்சு ஓய்வு கொடுப்போம். கீபோர்டுலயும் ரிதம் பேடுலயும் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி சத்தம் வரிசைப்படி ஏத்தி வச்சிருக்கும். நடுவுல ஒரு பாட்டை நுழைச்சா சுருதி மாத்தணும், சத்தம் தேடணும், அந்த நேரம் மேடை வெறுமனே நிக்கும். சீட்டு கொடுக்கணும்னா மேடைக்குக் கீழே நிக்கிற தொகுப்பாளர்கிட்ட கொடுங்க, முதல் அரை மணி நேரத்துலயே கொடுங்க. பாட்டோட முதல் வரியை எழுதுங்க, படத்துப் பேரை மட்டும் எழுதினா எந்தப் பாட்டுன்னு தெரியாது.

இன்னொரு தொல்லை பொன்னாடை. ஒலிபெருக்கிக்கு ராத்திரி 10 மணிதான் சட்டப்படி கடைசி. 2000ல வந்த ஒலி மாசு விதி அது. திருவிழாவுக்குன்னு வருஷத்துல 15 நாளுக்கு மேற்படாம 12 மணி வரைக்கும் தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அது எல்லா ஊருக்கும் தானா வந்துடாது. 7 மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய கச்சேரியில ஒன்றரை மணி நேரம் சால்வை போட்டு, பேர் படிச்சு, 10 மணிக்குப் போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னா ஜனம் எங்க மேலதான் நாற்காலியை வீசுது. பேர் படிக்கிறதை மூணு பாட்டுக்கு ஒரு தடவை ரெண்டு நிமிஷம்னு பிரிச்சு வச்சா யாருக்கும் மனக்குறை இல்லை.

காவேரிப்பட்டணம் தப்பட்டை

மயானக் கொள்ளை (அங்காளம்மன் திருவிழா) ஊர்வலம். ஓரமா வைக்கோல் எரிச்சு தப்பட்டையைக் காய்ச்சிக்கிட்டிருக்காங்க. ஒரு சின்னப் பையன் அந்த நெருப்புல சரவெடியைப் போட்டான். வெடிச்சதுல கங்கு தெறிச்சு ஒரு தப்பட்டையோட தோல்ல ஓட்டை. வாசிக்கிற பெரியவர் திட்டல, அடிக்கல. தோலைத் தடவிப் பார்த்துட்டு அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் இடுப்புல சொருகிக்கிட்டு ஒதுங்கி நின்னுட்டார். அன்னைக்கு அவருக்கு வாசிப்பு இல்லை, கூலியும் இல்லை.

பனியில தோல் ஈரம் குடிச்சுத் தொய்யும், சத்தம் மொத்துன்னு விழும். காய்ச்சினாத்தான் கணீர்னு வரும். தீக்கு நேரா பிடிக்கக்கூடாது, தள்ளிப் பிடிச்சுத் திருப்பித் திருப்பி, விரலால தட்டிப் பார்த்துக்கிட்டே காய்ச்சணும். கொஞ்சம் அதிகமானா கிழியும். அதுக்குக் காத்து அடிக்காத மூலையில 6 அடி இடம் போதும். அங்க வந்து பீடி பத்த வைக்கிறது, போட்டோவுக்கு நிக்கிறது, வெடி போடுறது வேண்டாம். சாமி வந்து ஆடுறவங்க முகத்துக்கு நேரா போனை நீட்டுறதும் வேண்டாம். பின்னாடி ஒருத்தர் இடுப்புத் துணியைப் பிடிச்சுக்கிட்டு வர்றாரே, அவருக்கு முன்னாடி வழி தெரியணும். பம்பைக்காரருக்கும் ஆடுறவங்களுக்கும் நடுவுல யாரும் புகாதீங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத்தான் அடி மாறும்.

பென்னாகரத்தான்

களத்தைச் சுத்திக் கயிறு கட்டலாமேன்னு தனியா ஒருத்தர் கேட்டிருந்தார். முழங்கால் உயரத்துக் கயிறு இருட்டுல தடுக்கும், வேஷக்காரருக்கே ஆபத்து. நல்லா வேலை செய்யறது உட்கார்ந்த கூட்டமேதான். களத்தோட விளிம்புல சுண்ணாம்புக் கோடு போட்டு, அதுக்கு வெளிய முதல் ரெண்டு வரிசை கெழவிங்களும் குழந்தைங்களும், அப்புறம் உட்கார்ற ஆம்பளைங்க, அதுக்கும் பின்னாடி நிக்கிறவங்க. மூணு கெழவிங்களைத் தாண்டி எந்தப் பையனும் போனைத் தூக்கிக்கிட்டு வரமாட்டான். கொட்டகையில இருந்து களத்துக்கு 4 அடி வழி மட்டும் திறந்திருக்கணும், அங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தரை நாற்காலி போட்டு உட்கார வைங்க. கட்டியங்காரன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சா, முதல் வசனத்துலயே கோட்டைத் தாண்டக்கூடாதுன்னு பாட்டாவே சொல்லிடுவார். அன்பளிப்புக் கொடுக்கிறவங்களும் அந்த வழியிலதான் வரணும், அதுவும் காட்சி முடிஞ்சு திரை பிடிக்கிறப்போ.