தோப்பில் கிடைத்த வெள்ளிக்காசு: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம். தோப்பில் புதைந்துபோன பழைய இரும்புக் குழாயைத் தேட அப்பா ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். ஞாயிறு காலையில் நானும் கூடவே மண்வெட்டியோடு போவேன். ஆணி, லாடம் என்றுதான் வந்துகொண்டிருந்தது. போன வாரம் வாய்க்கால் ஓரத்தில், ஒரு சாண் ஆழத்தில், ஒரு வெள்ளிக்காசு.

ஒரு பக்கம் மாலை சூடிய ஆண் தலை. மறுபக்கம் ஈட்டி பிடித்து உட்கார்ந்திருக்கும் உருவம். எடை நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்து தெனாரியஸாக (ரோமானிய வெள்ளிக்காசாக) இருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. கோவை வெள்ளலூரில் 1842இல் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்த கதையை அப்பா சின்ன வயதிலிருந்தே சொல்வார். கேரளக் கடற்கரையின் பழைய துறைமுகமான முசிறியிலிருந்து கொங்குக்குப் போன சரக்கு எங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தானே போனது!

சிலர் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள், நாங்கள் தேய்க்கவில்லை. மண்ணோடு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறோம். தோண்டுவதையும் நிறுத்திவிட்டோம், இடத்தில் ஒரு குச்சி நட்டிருக்கிறது.

இதை முறையாக ஒப்படைக்கத்தான் ஆசை. கேரளத்தில் 1968ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. ஒரே ஒரு காசுக்கும் கலெக்டருக்கு எழுத வேண்டுமா, தொல்லியல் துறைக்கே நேரே போகலாமா? இப்படி ஒப்படைத்தவர்கள் யாராவது இருந்தால் மனுவில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், காசு தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்து அடையாளம் சொன்னால் அப்பா ரொம்பச் சந்தோஷப்படுவார். இரண்டு பக்கமும் எடுத்த படம் கீழே.