பாப்பி நாற்று பிடுங்கி நட்டதும் சாய்ஞ்சிடுது, உதவி வேணும் (மதுரை)

திருநகர் மாடித்தோட்டம்:
வணக்கம்ங்க. கார்த்திகை மழை விட்டதும் ஷெர்லி பாப்பி (அழகுக்கு வளர்க்கிற பூச்செடி) விதையை அகலத் தொட்டியில் தூவினேன். நல்லாவே முளைச்சுது. நாலு இலை வந்ததும் தக்காளி நாற்றை எடுக்கிற மாதிரியே எடுத்து குரோ பேக்கில் நட்டேன். மறுநாளே எல்லாம் படுத்திருச்சு. செம்மண், கோகோபீட், மண்புழு உரம் கலந்த மண். தண்ணி காலையில் மட்டும். பிடுங்காம விட்டது தொட்டியில் நிமிர்ந்து நிக்குது, அதையாவது காப்பாத்தணும். அம்மா வேற, கடையில் வாங்கின கசகசாவைத் தூவிவிடுன்னு சொல்றாங்க. செய்யலாமா?

மேலூர் நாற்றங்கால்:
சாய்ஞ்சதுல ஒண்ணை எடுத்து அடித்தண்டைப் பாருங்க. மண்ணை ஒட்டின இடம் கறுத்து, நூலா மெலிஞ்சிருந்தா நாற்றழுகல். அது பூஞ்சை. பச்சையா இருந்தா வேர்தான் அறுந்திருக்கும்.

திருநகர் மாடித்தோட்டம்:
பச்சையாத்தான் இருக்குங்கண்ணே. ஒரே வேர், பக்கவேர் ரொம்பக் கொஞ்சம். நுனி அறுந்திருக்கு.

மேலூர் நாற்றங்கால்:
அப்ப சந்தேகமே இல்லை. பாப்பிக்கு ஆணிவேர். முள்ளங்கியை யாரும் பிடுங்கி நட மாட்டோம்ல, அதே கணக்குதான். தக்காளி வேர் அறுந்தாலும் தேறிக்கும், இது தேறாது. அடுத்த தடவை பூக்க வேண்டிய இடத்திலேயே விதைங்க. விதை தூசி மாதிரி இருக்கும், மணலோடு கலந்து தூவி லேசா அமுக்கிவிட்டாப் போதும். மேலே மண் மூடாதீங்க, முளைக்க வெளிச்சம் வேணும். தண்ணி ஸ்பிரேயரில்.

நம்ம ஊருக்குப் பருவம்தான் முக்கியம். 15லேர்ந்து 20 டிகிரிக்குள்ள நல்லா முளைக்கும். மதுரையில் மார்கழி, தை ராத்திரியில்தான் அதுக்குக் கிட்ட வரும். அதனால நவம்பர் கடைசியில், கனமழை ஓய்ஞ்சதும் விதைச்சிடணும். தள்ளிப்போட்டா பங்குனி வெயில் பூக்க விடாது.

கொடைக்கானல் அக்கா:
தம்பி, கசகசா வேண்டவே வேண்டாம். அது அபின் செடியோட விதை. 1985 போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாம வளர்க்கிறது குற்றம், அழகுக்கு வச்சேன்னு சொன்னாலும் எடுபடாது. அந்த உரிமமும் மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் குறிப்பிட்ட பகுதிகளுக்குத்தான். அம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. விதை பாக்கெட்டிலும் அபின் செடியோட அறிவியல் பேரான 'பபாவர் சோம்னிஃபெரம்'னு இருந்தா வாங்காதீங்க. ஷெர்லின்னா 'பபாவர் ரோயஸ்'. அதோட தண்டில் சுணை நிக்கும், இலை கீறிக் கீறி இருக்கும். அபின் செடி இலை சாம்பல் பூத்த பச்சை, வழவழன்னு தண்டைக் கட்டிப் பிடிச்சிருக்கும்.

திருநகர் மாடித்தோட்டம்:
ரொம்ப நன்றிக்கா, அம்மாகிட்ட சொல்லிட்டேன். தொட்டியில் நாற்று நெருக்கமா நிக்குதே, என்ன பண்ண?

மேலூர் நாற்றங்கால்:
பிடுங்காதீங்க, பக்கத்துச் செடி வேரும் சேர்ந்து வந்திடும். திடமானதை ஒரு சாண் இடைவெளிக்கு ஒண்ணா விட்டுட்டு, மிச்சத்தைக் கத்தரியால் மண் மட்டத்தில் வெட்டுங்க. உரம் இனிமே வேண்டாம். நிழல் வலை போட்டிருந்தா எடுத்திடுங்க, இப்ப இருக்கிற வெயில் அதுக்கு நல்லது.