புதுப்பிப்பு: விடியற்காலையில் கேட்கும் இலங்கை எப்.எம்.

மேலூர்ப் பக்கம் எங்கள் மொட்டைமாடியில் விடியற்காலையில் இலங்கைத் தமிழ் எப்.எம். தெளிவாகக் கேட்கிறது, வெயில் ஏறியதும் காணாமல் போகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அப்புறம் தொடர்ந்து கவனித்ததில், வானம் தெளிந்து காற்றே அசையாத இரவுக்கு மறுநாள் காலையில்தான் அது நன்றாக வருகிறது. அப்படிப்பட்ட இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிட, அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல் நிற்கிறது. வழக்கமாக மேலே போய்விடும் எப்.எம். அலை இந்த அடுக்கில் வளைந்து, திரும்பத் திரும்பக் கீழே மடங்கி, கடலைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்துவிடுகிறது. கடல்மேல் ஈரக்காற்றின் மீது உலர்ந்த காற்று படிந்தால் இன்னும் பலம். தரை சூடானதும் காற்று கலந்து அடுக்கு கலைகிறது, ஸ்டேஷனும் போகிறது. கொடைக்கானல் 100.5 எந்நேரமும் வருவதற்கு இதெல்லாம் வேண்டாம், அந்த மலை உயரமே போதும்.

மழையில் டிஷ் ஆன்டெனா படம் உறைவதும் இதனால்தானா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இல்லை தம்பி, அது வேறு. அந்த அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ.தான், மழைத்துளிகளே அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். எப்.எம். அலை 3 மீட்டர், கோடை மழை எவ்வளவு கொட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

ராமநாதபுரம், தொண்டிப் பக்கம் இருப்பவர்கள் உங்களுக்கு எத்தனை மணி வரை கேட்கிறது என்று எழுதுங்கள்.