பழைய 1060 கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்ய வேண்டும், வீட்டில் 7 மணிக்கு பல்ப் மங்கும்

தலவாக்கலை தம்பி:

அண்ணன்மாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது ஆபீஸில் கழித்த மெஷின். ஐ5 3470 ப்ராசஸர் (சிபியு), 16 ஜிபி ரேம். கொழும்பில் வேலை செய்யும் மாமா மகன் தந்த ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி) கார்டை போன வருடம் அதில் போட்டேன். ஜிடிஏ 5 கேம் ஓடுகிறது, ஆனால் அதில் டவுனுக்குள் வேகமாகப் போனால் திக்கித் திக்கி நிற்கிறது. ஃபோர்ஸா ஹொரைசன் 4 கேமில் நொடிக்கு 55 ஃப்ரேம்தான். புதுக் கார்டுக்கெல்லாம் இப்போது வழியில்லை.

ஓவர்கிளாக், அதாவது கார்டை அதற்கு வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டலாம் என்று, ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோர் வேகத்தை +150 மெகாஹெர்ட்ஸ் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் திரை கறுத்து, பிறகு தானாக வந்தது. கார்டு 83 டிகிரி காட்டுகிறது. நம் மலைநாட்டுக் குளிரில் 83 எப்படி வரும்? ராத்திரி ஜன்னலைத் திறந்து, கேசிங் மூடியைக் கழற்றிவிட்டு விளையாடினால் சரிவருமா? பனிமூட்டம் உள்ளே வந்துவிடும் என்றுதான் யோசிக்கிறேன்.

பவர் சப்ளை மெஷினோடு வந்த 300 வாட். அதில் கார்டுக்குக் கரண்ட் தரும் 6 பின் வயர் இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க் ப்ளக் இரண்டைச் சேர்க்கும் கன்வேர்ட்டர் போட்டிருக்கிறேன்.

நுவரெலியாக்காரன்:

ஓடிக்கொண்டிருக்கும் கார்டில் பனி இறங்காது, அது அறையை விடச் சூடாகத்தானே இருக்கும். ஓடாமல் கிடக்கும்போதுதான் கவலை. ராத்திரி முழுக்க ஜன்னல் திறந்து கிடந்து, மெஷின் ஜில்லென்று ஆகி, காலையில் அதே அறையில் கேத்தல் கொதித்தால் உலோகத்தில் ஈரம் படியும். அப்படியே சுவிட்ச் போடாதீர்கள். இன்னொன்று, நான் இருப்பது ஏறக்குறைய 1870 மீட்டர் உயரம். இங்கே காற்றே கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு மெல்லிசு, ஃபேன் அள்ளிக்கொண்டு போகும் சூடும் அவ்வளவு குறையும். ஆனாலும் குளிர்தான் ஜெயிக்கும். 83 என்றால் வேறு எங்கோ கோளாறு.

ஹட்டன் ரிப்பேர் கடை:

தம்பி, கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு கன்வேர்ட்டரைச் சொல்லிவிட்டுப் போனீர்களே, எனக்கு அங்கேதான் கண் நின்றது. முதலில் அந்த +150-ஐ எடுத்துப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். கார்டு 120 வாட் இழுக்கும். கொஞ்சம் ஸ்லாட் வழியாக, மீதி அந்த 6 பின் வழியாக. பவர் லிமிட்டை ஏற்றினால் அதற்கும் மேலே. அந்தச் சுமை எல்லாம் பழைய 300 வாட் பெட்டியின் 12 வோல்ட் பக்கத்தில்தான் விழும், அதுவும் மெல்லிய வயர், லூசான பின். கடைக்கு ஒருமுறை இப்படி ஒரு கன்வேர்ட்டர் வந்தது. வெள்ளை ப்ளக் தேநீர் நிறத்துக்கு மாறி, ஒரு பின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருந்தது. அரை மணி நேரம் விளையாடிவிட்டு, மெஷினை நிறுத்தி, கரண்ட்டைப் பிடுங்கி, உங்களுடைய ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஓவர்கிளாக் பேச்சே வேண்டாம்.

83 டிகிரி என்பது அந்தக் கார்டு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் வேலி. அங்கே வந்ததும் கிளாக்கைக் குறைத்துக்கொள்ளும். ஆக நீங்கள் மேலே ஏற்றுகிறீர்கள், கார்டு கீழே இறக்குகிறது. வீட்டில் விறகு அடுப்பா? லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து) வரும் கார்டுகளில் நான் பார்ப்பது வெறும் தூசி அல்ல. புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்து ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துணி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஊதினால் போகாது. ஃபேனைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தகடு போன திசையிலேயே தேய்க்க வேண்டும். பின்பக்கம் சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் போட்ட நான்கு ஸ்க்ரூ இருக்கும். ஒன்றை முழுதாகக் கழற்றாமல் மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹீட்சிங்கை வெடுக்கென்று தூக்கினால் ஃபேன் வயர் பிய்ந்துவிடும், முதலில் அந்தக் குட்டி ப்ளக்கைக் கழற்றுங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் பழைய பேஸ்ட் காய்ந்த சீமெந்து மாதிரி இருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். மெமரி சிப் மேலிருக்கும் தெர்மல் பேட் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிடிஏ திக்குவதற்குக் கார்டு காரணமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆஃப்டர்பர்னரில் ஜிபியு, சிபியு இரண்டின் சதவீதத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். டவுனுக்குள் சிபியு 100-இலும் கார்டு 60, 70-இலும் நின்றால், கார்டை என்ன முறுக்கினாலும் அந்த இடம் மாறாது. 3470-க்குப் பின்னால் கே எழுத்து இல்லை, அதையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஃபோர்ஸா வேறு கதை, அங்கே கார்டுதான் முக்கும்.

நல்ல பவர் சப்ளை வந்த பிறகு, கோரை 25 25-ஆக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் ஹெவன் என்ற கிராபிக்ஸ் டெஸ்ட்டைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். திரையில் புள்ளி மின்னினாலோ டிரைவர் விழுந்தாலோ இரண்டு படி இறங்கிவிடுங்கள். மெமரிதான் ஏமாற்றும். ஜிடிடிஆர்5 என்ற இந்த வகை மெமரி, பிழை வந்தால் திரும்ப அனுப்பிச் சமாளிக்கும். படம் கெடாது, ஸ்கோர் மட்டும் இறங்கும். அதனால் 100 ஏற்றிவிட்டு ஸ்கோரைப் பாருங்கள், குறைந்தால் நிறுத்துங்கள். வோல்டேஜைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் தொடங்கும்போதே செட்டிங் ஏறும்படி டிக் போடுவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். டெஸ்ட்டை மத்தியானம் செய்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். லயத்தில் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் ஏறி பல்ப் மங்கும் 7 மணிக்கு ஓட்டுங்கள். அப்போது நின்றால்தான் நிலையானது.

பண்டாரவளை அக்கா:

தம்பி, பவர் சப்ளை வரும்வரை எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அமுக்கினால், எந்த வோல்ட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் வளைவு வரும். அதில் 0.950 வோல்ட் இடத்தை 1850 மெகாஹெர்ட்ஸ் அளவில் நிறுத்தி, அதற்கு மேலே எல்லாவற்றையும் தட்டையாக்குங்கள். தானாக விட்டால் 1 வோல்ட்டைத் தாண்டிப் போகும் கார்டு அது. என் 1060 இப்படித்தான் ஓடுகிறது, கரண்டும் குறைவு, சத்தமும் குறைவு. உங்களுடையது அதே எண்ணில் நிற்கும் என்று இல்லை, விழுந்தால் 1800-க்கு இறங்குங்கள். அப்புறம், இடி இடித்தால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு உட்காராதீர்கள், ப்ளக்கைக் கழற்றுங்கள். இங்கே போன ஐப்பசியில் எங்கள் ரவுட்டர் போனது, அதோடு சேர்ந்து மதர்போர்டின் நெட்வொர்க் போர்ட்டும் போனது.

தலவாக்கலை தம்பி (மூன்று வாரத்துக்குப் பிறகு):

ஹட்டன் அண்ணே, ப்ளக் சூடாகத்தான் இருந்தது. நிறம் இன்னும் மாறவில்லை. தூசியும் நீங்கள் சொன்ன மாதிரியே, கம்பளி. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது நம்ம அடுப்புப் புகையா என்று கேட்டார். கழுவித் துடைத்துப் பேஸ்ட் போட்டதும் ஃபோர்ஸாவில் 83 இருந்தது 69. கிளாக் 1700 பக்கம் ஆடிக்கொண்டிருந்தது, நான் எதையும் தொடாமலே 1880-க்கு வந்து நின்றது. ஃப்ரேம் 61.

அக்கா சொன்ன வளைவும் போட்டேன். 1850-இல் விழுந்தது, 1822-இல் நிற்கிறது. 63 டிகிரி, ஃப்ரேம் 60. ப்ளக்கின் சூடு குறைந்துவிட்டது, ஆனாலும் நம்பவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடுவதில்லை.

ஜிடிஏ அப்படியேதான். டவுனுக்குள் சிபியு 100, கார்டு 58. கூட்டத்தின் அடர்த்தியைப் பாதியாக்கினேன், பாதித் திக்கல் போய்விட்டது.

அடுத்த மாதம் சீட்டு விழுந்தால் 500 வாட் பவர் சப்ளை, 6 பின் வயரோடு. ஹட்டனுக்கே வருகிறேன் அண்ணே, கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?

ஹட்டன் ரிப்பேர் கடை:

ஒரு மணி வரைக்கும். அந்தக் கன்வேர்ட்டரையும் கையோடு கொண்டு வாருங்கள், இன்னொருத்தருக்கு விற்றுவிடாதீர்கள்.