மறு: மறு: ‘புவிமைய மேலாளர்’ - வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

இந்திராநகர், திங்கள் காலை

கலைச்சொல் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். தொலைதூரக் கல்வி எம்.பி.ஏ. பாடம் ஒன்றை வெள்ளி மாலைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். பன்னாட்டு வணிக மேலாண்மை. மேலாண்மை அறிஞர் ஹோவர்ட் பெர்ல்மட்டர் 1969-இல் எழுதிய கட்டுரையின் மூன்று வகைகள் அதில் வருகின்றன. எத்னோசென்ட்ரிக் என்றால் தலைமையகம் இருக்கும் நாட்டின் ஆட்களும் வழக்கமுமே எல்லாக் கிளையிலும் செல்லும். பாலிசென்ட்ரிக் என்றால் அந்தந்த நாட்டுக் கிளையை அந்தந்த நாட்டவரே நடத்துவார்கள். ஜியோசென்ட்ரிக் என்றால் எந்த நாட்டவர் என்ற கேள்வியே கிடையாது, தகுதியானவர் எங்கிருந்தும் வரலாம்.

போன வருடம் வானியல் பாடம் ஒன்று செய்தபோது ஜியோசென்ட்ரிக்குக்குப் ‘புவிமைய’ என்று போட்டேன். பள்ளிப் புத்தகச் சொல்தானே. மொழிபெயர்ப்பு மென்பொருள் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, இப்போது பக்கத்துக்குப் பக்கம் ‘புவிமைய மேலாளர்’ என்று நிரப்புகிறது. ஏதோ சுரங்கத்துக்குள் இறங்குகிற ஆள் மாதிரி இருக்கிறது.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், பொருளே தலைகீழாகிறது. பூமியே அண்டத்தின் நடு என்ற பழங்கால வானியலாளர் தாலமியின் கொள்கைப்படி நாம் நிற்கிற இடம் நடு, மற்றதெல்லாம் நம்மைச் சுற்றுகிறது. மேலாண்மையில் அந்தப் புத்திக்குப் பெயர் எத்னோசென்ட்ரிக்! இரண்டு பாடத்தையும் ஒரே மாணவர் படித்தால் என்ன நினைப்பார்? யோசனை சொல்லுங்கள்.

அல்சூர், திங்கள் மதியம்

அம்மா, ‘புவி’ என்பதே நம் சொல் அன்று. வடமொழியில் ‘பூ’ என்ற சொல்லின் ஏழாம் வேற்றுமை வடிவம் அது. ‘பூமியில்’ என்று பொருள். ‘பூமியில் மையம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ‘மையம்’ கூட மத்தியத்திலிருந்து வந்ததுதான். நமக்கு ஞாலம் இருக்கிறது, நடுவம் இருக்கிறது. ஞாலுதல் என்றால் தொங்குதல். பற்றுக்கோடு இல்லாமல் வெளியில் தொங்குவது ஞாலம். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்னிக்கஸ் 1543-இல் நூல் போடுவதற்கு எத்தனை நூற்றாண்டு முன்பே தமிழன் இதை அறிந்திருந்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே ஞாலநடுவம்.

விமானபுரா, திங்கள் இரவு

ஐயா, தொங்குவது வேறு, சுற்றுவது வேறு. தொங்குகிற விளக்கு கூடத்தின் நடுவில் சும்மாதான் இருக்கும். உங்கள் சொற்பிறப்பை ஒப்புக்கொண்டால் தமிழன் அசல் புவிமையக்காரன் என்றுதான் ஆகும். ‘உலகு’ உலவு என்பதிலிருந்து வந்தது என்று நீங்களே போன மாதம் எழுதினீர்கள். அது நகரும், இது தொங்கும். எதை நம்புவது?

செயற்கைக்கோள் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். புவிமைய என்பது செத்த கொள்கையின் பெயர் மட்டும் அல்ல. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளின் பாதையை இன்றும் பூமியின் நடுப்புள்ளியை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். நிலா இருக்கும் திசையைப் பூமியின் நடுவிலிருந்து கணக்கிட்டால் ஒன்று வரும், அல்சூர் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் வேறொன்று வரும். வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு பாகை வரை போகும், அதாவது முழுநிலாவின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. இன்னொரு வேடிக்கை: கோள் சுற்றும் பெரிய வட்டத்தின் நடுப்புள்ளியில் தாலமி பூமியை வைக்கவே இல்லை. சற்றுத் தள்ளித்தான் வைத்தார்.

மல்லேஸ்வரம், செவ்வாய்

இரண்டு பேரும் இலக்கணத்தை விட்டுவிட்டீர்கள். ‘புவிமையம்’ என்பதை எப்படி விரிப்பது? புவியினது மையம் என்றால் ஆறாம் வேற்றுமைத் தொகை. விமானபுரா ஐயா அளக்கத் தொடங்கும் புள்ளி அது. புவியாகிய மையம் என்றால் இருபெயரொட்டு. அது தாலமியின் கொள்கை. பெர்ல்மட்டர் சொல்வது இரண்டிலும் அடங்கவில்லை. ‘புவி முழுதும் மையம்’ என்று எந்தத் தொகையிலும் விரியாது, வலிந்து விரித்தால் ஒழிய.

பாலிசென்ட்ரிக்குக்கும் எச்சரிக்கை. ‘மெலி மேவின் னணவும்’ என்ற நன்னூல் விதிப்படி பல் + மையம் பன்மையம் ஆகும். புணர்ச்சி சரி. ஆனால் ‘பன்மைய மேலாளர்’ என்று தேர்வில் கேட்டால் பிள்ளைகள் ‘மேலாளர்கள்’ என்று விடை எழுதிவிட்டுப் போவார்கள்.

ஒயிட்ஃபீல்டு, செவ்வாய் நள்ளிரவு

மன்னிக்கணும், இப்போதுதான் அலுவலகக் கூட்டம் முடிந்தது. மணி பன்னிரண்டு. தலைமையகத்தில் விடிந்தால்தான் எங்களுக்குக் கூட்டம். எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் ‘உலகம் ஒரே குடும்பம்’ என்று போட்டிருக்கிறது. இங்கே ஒரு நாற்காலி வாங்கவும் அங்கே கையெழுத்தாக வேண்டும். எத்னோசென்ட்ரிக் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

என் மகளின் கன்னடப் புத்தகத்தில் ‘பூகேந்திர’ என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். நாமும் அப்படியே ஜியோசென்ட்ரிக் என்று எழுதினால் என்ன, அக்கா?

அல்சூர், புதன் காலை

தம்பி, அப்படி எழுதுவதற்கு இந்தக் குழு எதற்கு?

கணியன் பூங்குன்றனாரை யாரும் நினைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். யாதும் ஊரே என்றவர் கணியன், அதாவது கோள்நிலை கணிப்பவர். அம்மாவின் இரண்டு பாடமும் ஒரே புலவரிடம் இருக்கின்றன! ‘யாதுமூர் மேலாளர்’ என்று வைத்தால் என்ன?

விமானபுரா, புதன் காலை

ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி என்று நினைத்துக்கொள்வார்கள் ஐயா.

மல்லேஸ்வரம், புதன் மாலை

பூங்குன்றனார் என்றதும் ஒன்று தோன்றியது. யாதும் ஊர் என்று ஆகிவிட்டால் அங்கே நடு ஏது? மேலாண்மையின் ஜியோசென்ட்ரிக்கில் மையம் இல்லாமல் போவதுதான் விஷயம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறோம். பெர்ல்மட்டர் பேசியதே மேலாளர்களின் மனப்போக்கைப் பற்றித்தான். ஆகவே மையத்தை விட்டுவிட்டு ‘நோக்கு’ என்று வைப்போம். தாயக நோக்கு, களநாட்டு நோக்கு, உலக நோக்கு. பின்னால் சேர்ந்த ரீஜியோசென்ட்ரிக்குக்கு வட்டார நோக்கு. வானியலில் புவிமையம் பழையபடியே இருக்கட்டும்.

விமானபுரா, புதன் இரவு

சரி.

ஒயிட்ஃபீல்டு, வியாழன்

சரி. களநாட்டு என்பது போர்க்களம் மாதிரி இருக்கிறது. அதுவும் பொருத்தம்தான்.

அல்சூர், வியாழன்

‘உலகம் என்பது உயர்ந்தோர் மாட்டே’ என்று பழைய நூற்பா உண்டு. அதன்படி உலக நோக்கு என்றால் பெரிய அதிகாரிகளின் நோக்கு. எத்னோசென்ட்ரிக்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஞால நோக்கு என்று போடுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

இந்திராநகர், வெள்ளி மாலை

அனுப்பிவிட்டேன். ஞாலத்தை நினைத்துப் பார்த்தேன் ஐயா, அழகான சொல்தான். ஆனால் பணம் கட்டிப் படிப்பவர் அகராதியைத் தேட வேண்டாமே என்று ‘உலக நோக்கு’ என்றே வைத்தேன். வினாத்தாளில் ஜியோசென்ட்ரிக் என்றுதான் வரும், பக்கத்தில் அதையும் போடு என்றார் பதிப்பாசிரியர். போட்டேன். மென்பொருளிலிருந்து புவிமைய மேலாளரை நாற்பத்தொரு இடத்தில் கையால் நீக்கினேன். ஓர் இடத்தில் அவர் தப்பித்திருக்கலாம்.

அல்சூர், வெள்ளி இரவு

நல்லது அம்மா. ஆனால் வானியலில் ‘மையம்’ இன்னும் அப்படியே நிற்கிறது. நடுவம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.