ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேரில் ஒருவன் மட்டும் ஏன் கத்தி எடுக்கிறான்?

மாடிவீட்டு மணி:

வணக்கம். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன், இந்த செமஸ்டரில் குற்றவியல் ஒரு பேப்பர். பாடப் புத்தகத்தில் லாம்ப்ரோசோ, மெர்டன், சதர்லாண்ட், ஹிர்ஷி என்று குற்றத்துக்குக் காரணம் சொன்ன அறிஞர்கள் வரிசையாக வருகிறார்கள், ஆளுக்கு மூன்று நிறை, மூன்று குறை, அடுத்த ஆள். மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால் படித்து முடித்த பிறகும் ஒரு விஷயம் பிடிபடவில்லை.

மெர்டன் 1938இல் சொன்னது: பணம், வசதி என்று எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டிவிட்டு, அதை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால், மற்றவர்களில் சிலர் குறுக்கு வழியில் போவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அண்ணன் மீது அடிதடி, கொலை முயற்சி என்று நாலைந்து வழக்கு, தம்பி வங்கியில் கிளார்க். ஒரே அப்பா அம்மா, ஒரே வறுமை, ஒரே அரசுப் பள்ளி. அப்புறம் எப்படி? வறுமைதான் காரணம் என்றால் ஊரில் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டுமே.

இத்தனை கோட்பாட்டில் எதையாவது உண்மையான ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, இல்லை எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்து யோசித்ததா?

---

கட்டிங்_வேண்டாம்:

குடி. அவ்வளவுதான். பேப்பரில் வருகிற பத்துக் கொலையில் எட்டு குடிபோதையில் நடந்ததாகத்தான் போடுகிறான். இதற்கு எம்.ஏ. எதற்கு.

---

பழையபேப்பர்:

குடி சேருகிறது, மறுக்கவில்லை. ஆனால் குடிக்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். (சரி, அதில் பலர் பொண்டாட்டியை அடிக்கிறார்கள். அதில் முக்கால்வாசி வழக்காகவே வராது, அதனால் நம் கணக்கிலும் வராது.)

மணி, நீங்கள் மெர்டனை வைத்துக் கொலையை விளக்கப் பார்க்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் நாடு முழுக்கப் பதிவான கொலை வழக்கு 28,522. காரணம் 'தகராறு' என்று எழுதப்பட்டவை 9,962, தனிப்பட்ட பகை 3,761. பணம், நகை என்று ஆதாயத்துக்காக நடந்தவை வெறும் 1,884. செயின் பறிப்புக்கும் கள்ள நோட்டுக்கும் மெர்டன் பொருந்துவார். கல்யாண வீட்டில் நாற்காலி போடுவதில் ஆரம்பித்த வாய்ச்சண்டை வெட்டுக்குத்தில் முடிவதற்கு அவரிடம் பெரிதாகப் பதில் கிடையாது.

அந்த மாதிரி சண்டைக்கு ராண்டல் காலின்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைப் பாருங்கள். அவர் ஆளை விட்டுவிட்டுச் சண்டை நடக்கும் அந்த நிமிடத்தைப் பார்க்கிறார், புகைப்படம், வீடியோ எல்லாம் வைத்து. அவர் கண்டது, மனிதனுக்கு நேருக்கு நேர் அடித்துக்கொள்வது லேசில் வராது, உடம்பு நடுங்கும், பெரும்பாலான சண்டை வசவோடு முடிந்துவிடும் என்பது. நாம் பார்க்காததா? 'விடுங்கடா என்னை, இன்னைக்கு அவனை விடமாட்டேன்' என்று திமிறுகிறவன், பிடித்திருப்பவர்கள் நிஜமாகவே கையை எடுத்துவிட்டால் திருதிருவென்று நிற்பான். எதிராளி தனியாகவோ பலவீனமாகவோ மாட்டும்போது, அல்லது சுற்றி நிற்கும் கூட்டம் ஏற்றிவிடும்போதுதான் அந்தத் தயக்கம் உடைகிறது. ஆக, அண்ணனையும் தம்பியையும் ஒப்பிடும்போது யார் எந்தக் கூட்டத்தோடு எந்த முக்கில் நின்றார்கள் என்பதும் முக்கியம்.

இன்னொன்று வயசு. பெல்ஜியத்துக்காரர் கெட்லே 1831இலேயே பிரெஞ்சு நீதிமன்றக் கணக்கை வைத்துக் காட்டிவிட்டார்: பெரும்பாலும் ஆண்கள், அதுவும் இருபதுகளில் உச்சம், அப்புறம் சரிவு. இன்றைக்கும் பல நாடுகளில் கிட்டத்தட்ட இதே கதைதான். வறுமை நாற்பது வயதிலும் இருக்கிறது, வெட்டுக்குத்து மட்டும் ஏன் குறைகிறது? எந்தக் கோட்பாட்டைப் படித்தாலும் முதலில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

---

உசிலம்பட்டிக்காரன்:

காரணம் தேடுவதற்கு முன்னால் குற்றவாளி என்று யாரைச் சொல்கிறோம் என்று ஒருத்தராவது கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் தாத்தா தலைமுறைக்கு ரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால் தெரியும். 1871இல் வடக்கே கொண்டுவந்தார்கள், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறவியிலேயே குற்றவாளி, முகத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று இத்தாலி மருத்துவர் லாம்ப்ரோசோ புத்தகம் போட்டது 1876இல். அவருக்கு 5 வருடம் முன்பே இங்கே ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று சட்டம் போட்டாயிற்று. தச்சன் மகன் தச்சன் என்றால் திருடன் மகன் திருடன்தானே என்பது வெள்ளைக்காரன் கணக்கு. ஆண்பிள்ளை என்றால் ரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு திருட்டும் செய்யாதவனுக்கும் இதுதான். நிலத்தில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனாலும் குற்றம், பொண்டாட்டி பிரசவ வலியில் கிடந்தாலும் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற சனத்தைச் சுட்டார்கள், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். மாகாணத்தில் சட்டம் போனது 1947இல், நாடு முழுக்க 1952இல்.

ஹோவர்ட் பெக்கர் என்று ஒருவர் 1963இல் முத்திரைக் கோட்பாடு சொன்னாராம். ஒரு செயலில் குற்றம் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, அதிகாரத்தில் இருப்பவன் வைக்கிற பெயர்தான் அது, பெயர் வைத்த பிறகு அந்த ஆளுக்கு வேறு வழி அடைபட்டுப் போகிறது என்று. எங்கள் ஊர்க் கிழவிக்கு அதைச் சொல்ல அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. மூளை, மரபணு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்கிறது, காரணம் இதுதான்.

---

நரம்புமண்டலம்:

உசிலம்பட்டி அண்ணா, நீங்கள் சொன்ன வரலாற்றில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கவில்லை. லாம்ப்ரோசோவை 1913இலேயே முடித்துவிட்டார்கள், சார்லஸ் கோரிங் என்ற இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, குற்றவாளி முகம் என்று தனியாக ஒன்று இல்லை என்று காட்டினார். 'எக்ஸ் ஒய் ஒய்' கதையும் அப்படித்தான். 1965இல் ஸ்காட்லாந்தில் மனநலம் பாதித்த ஆபத்தான ஆட்களை அடைத்து வைக்கும் ஒரு காவல் மருத்துவமனையில் கூடுதல் ஒய் குரோமோசோம் உள்ள ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தார்கள் என்று ஆய்வு வந்ததும் பத்திரிகைகள் 'கொலைகாரக் குரோமோசோம்' அளவுக்குக் கொண்டுபோய்விட்டன. 1966இல் சிகாகோவில் 8 செவிலிய மாணவிகளைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கும் அது இருக்கிறது என்று எழுதினார்கள், சோதித்தால் சாதாரண எக்ஸ் ஒய்தான். 1976இல் டென்மார்க்கில் உயரமான ஆண்கள் 4,000 பேருக்கு மேல் சோதித்ததில் எக்ஸ் ஒய் ஒய் 12 பேர். அவர்களில் தண்டனை பெற்றவர்கள் விகிதம் கூடுதல்தான், ஆனால் அவை பெரும்பாலும் வன்முறை வழக்கு இல்லை.

இதற்காக உடம்பையே விட்டுவிட முடியாது. நியூசிலாந்தின் டனீடனில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். 2002இல் அதிலிருந்து ஒரு முடிவு வந்தது. மாவோ-ஏ என்பது மூளையில் சில ரசாயனங்களை உடைக்கும் நொதிக்கான மரபணு; அதன் மந்தமான வகை உள்ள பையன்கள், சின்ன வயதில் அடி உதை, கொடுமை என்று வளர்ந்திருந்தால் பின்னாளில் வன்முறைப் பக்கம் போவது அதிகம். அதே வகை இருந்தும் நன்றாக வளர்க்கப்பட்டவர்களிடம் அது இல்லை. அந்த வகை ஏறக்குறைய மூன்றில் ஒரு ஆணுக்கு இருக்கிறது, அதனால் 'கொலைகார மரபணு' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பிறகு வந்த ஆய்வுகளில் சில ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மணி கேட்ட அண்ணன் தம்பிக்கு இது நேரடியாகவே பொருந்தும். உடன்பிறந்தவர்களுக்கு மரபணு பாதிதான் பொது. 'ஒரே அப்பா' என்பதும் பேச்சுக்குத்தான், மூத்தவன் வாங்கின அடியை இளையவன் வாங்கியிருக்கவே மாட்டான்.

---

மாடிவீட்டு மணி:

இது உண்மை. அந்த வீட்டில் அப்பா குடியை விட்ட பிறகு பிறந்தவன்தான் தம்பி. இதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் சோதித்தார்களா என்ற கேள்வி இன்னும் பாக்கி. பின்தொடர்வது வேறு, ஒன்றை மாற்றிப் பார்ப்பது வேறு இல்லையா?

---

அரைகுறை வக்கீல்:

மாற்றியும் பார்த்திருக்கிறார்கள், அந்தக் கதை பாடப் புத்தகத்தில் வராது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்று இரண்டு ஊர்கள். 1939இல் ரிச்சர்ட் கேபட் என்ற டாக்டர் தொடங்கிவைத்தது. வயசு, குடும்பம், குணம் என்று எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற பையன்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் நாணயம் சுண்டி ஒருவனை உதவிப் பக்கமும் இன்னொருவனைச் சும்மா விடும் பக்கமும் வைத்தார்கள். மொத்தம் 506 பையன்கள். உதவிப் பக்கத்தில் இருந்தவனுக்கு ஒரு ஆலோசகர், சராசரியாக மாதம் இரண்டு தடவை வீடு தேடி வருவார், அதுவும் ஐந்து வருடத்துக்கு மேல். டியூஷன், வைத்தியம், கோடை முகாம், எல்லாம் உண்டு. இதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு என்ன செய்துவிட முடியும்?

முப்பது வருடம் கழித்து ஜோன் மக்கார்ட் என்ற பெண்மணி அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களிடம் கேட்டால் மூன்றில் இரண்டு பேர் 'ரொம்ப உதவியாக இருந்தது' என்றார்கள். ஆவணத்தைப் பார்த்தால் உதவி பெற்றவர்கள்தான் மோசம். மறுபடியும் குற்றம் செய்தவர்கள் கூடுதல், குடிநோய் கூடுதல், இளவயதுச் சாவும் கூடுதல். ஏன் என்று தோண்டியதில் பின்னால் ஒரு விஷயம் கிடைத்தது: கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம்தான் இந்தக் கேடு குவிந்திருந்தது. முரட்டுப் பையன்களை ஒன்றாகச் சேர்த்துவைத்தால் அங்கே யார் பெருமையடிக்கிறானோ அவன்தான் ஹீரோ. ஒருவனுக்கொருவன் வாத்தியார் ஆகிவிடுகிறான்.

சதர்லாண்ட் சொன்னதே அதுதான். குற்றம் கற்றுக்கொள்வது, அதுவும் நெருங்கிப் பழகுகிறவர்களிடம், தொழில்நுட்பம் மட்டுமில்லை, 'இதில் தப்பில்லை' என்கிற நியாயத்தையும் சேர்த்து. நான் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜராகிறவன். செல்போன் திருடி கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிற பதினாறு வயசுப் பையன், சில வாரத்தில் வெளியே வரும்போது இரண்டு மாவட்டத்தில் யார் திருட்டு நகை வாங்குவார்கள் என்று சொல்லுவான். பேச்சே மாறிப்போயிருக்கும். முதல் வாய்தாவில் அம்மாவைப் பார்த்தால் அழுதவன், அடுத்த வாய்தாவில் 'சார், அந்த செக்ஷனுக்குப் பெயில் உண்டுதானே' என்று என்னிடம் கேட்கிறான். இதே சதர்லாண்ட்தான் கோட் சூட் போட்டவர்களின் மோசடியையும் 1939இலேயே குற்றக் கணக்கில் சேர்க்கச் சொன்னவர், அவர்களும் ஆபீசில் பழகிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று. வறுமைக் கோட்பாடு அங்கே வாயே திறக்க முடியாது.

ஆனால் அவரிடமும் ஒரு ஓட்டை உண்டு. கெட்டவனோடு சேர்ந்து கெட்டானா, கெட்டவனாக இருந்ததால் அந்தச் சேர்க்கையைத் தேடிப் போனானா? சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் இதைப் பிரிக்கவே முடியாது. நாணயம் சுண்டியதால்தான் முகாம் விஷயம் இந்த அளவுக்கு வெளியே தெரிந்தது.

---

பழையபேப்பர்:

வக்கீல் சார், நல்ல பதிவு. நானும் ஒன்று சேர்க்கிறேன். பாஸ்டன் பக்கத்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பையன்களைப் பற்றி க்ளூக் தம்பதி 1940களில் திரட்டிய விவரங்கள் ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1980களில் சாம்ப்சன், லாப் என்ற இரண்டு பேர் அதைக் கண்டெடுத்து, அந்தப் பையன்களை எழுபது வயது வரைக்கும் தேடிப் பின்தொடர்ந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் யார் சீக்கிரம் நிறுத்துவான் என்று சின்ன வயசுக் குணத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. நிலையான வேலை, ராணுவம், ஒத்துப்போகிற கல்யாணம், இந்த மூன்றும்தான் பலருக்குத் திருப்பம். உங்கள் தெரு அண்ணனையும் இதை வைத்துப் பாருங்கள் மணி.

---

நரம்புமண்டலம்:

அதாவது 'ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் சரியாகிவிடுவான்' என்று நம் பாட்டிகள் சொன்னதுதான் ஹார்வர்டு வரை போய்த் திரும்பி வந்திருக்கிறதா? ஏற்கெனவே அடங்க ஆரம்பித்தவனுக்குத்தானே யாரும் பெண் கொடுப்பார்கள், அதைக் கல்யாணத்தின் கணக்கில் எழுதுவது எப்படிச் சரி?

---

பழையபேப்பர்:

அதே சந்தேகத்துக்காகத்தான் 2006இல் இன்னொரு கணக்குப் போட்டார்கள். ஒருவனை இன்னொருவனோடு ஒப்பிடாமல், அதே ஆளின் மனைவியோடு இருந்த வருடங்களையும் இல்லாத வருடங்களையும் ஒப்பிட்டார்கள். கல்யாணம் ஆகும் வாய்ப்பு யாருக்கு எவ்வளவு என்பதையும் சரிக்கட்டிய பிறகு, மனைவியோடு இருந்த காலத்தில் குற்றம் சராசரியாக 35 சதவீதம் குறைவு. மீதி 65 அப்படியே இருக்கிறது என்பதையும் பாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

---

நரம்புமண்டலம்:

பாட்டியிடம் சொல்கிறேன். அந்த 65ஐச் சமாளிக்கப் போகிற பெண்ணிடம் யார் சொல்வது?